நீருக்குள் சோர்வுறும் எஃகு



அணு உலையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். எரிபொருள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாறுகிறது. பம்புகளும் வால்வுகளும் குழாய்களும் மாறுகின்றன. முந்நூறு டன்னுக்கும் மேல் எடையுள்ள நீராவியாக்கிகளைக்கூட, காப்புக் கட்டடத்தின் சுவரை அறுத்துத் திறந்து, வெளியே இழுத்துப் புதியதைப் பொருத்தியிருக்கிறார்கள். அழுத்தக் கலனை மட்டும் மாற்ற நினைப்பதில்லை. அதை மாற்றுவதற்குப் பதில் உலையையே கைவிட்டுவிடலாம் என்ற அளவுக்கு அது பெரிய வேலை. கலனின் ஆயுள் முடிந்தால் உலையின் ஆயுளும் முடிந்தது.

அழுத்தநீர் உலைகளில் இந்தக் கலனின் சுவர் சுமார் 20 சென்டிமீட்டர் கனம். மாங்கனீசும் நிக்கலும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த எஃகு. உள்ளே வளிமண்டலத்தைப் போல 155 மடங்கு அழுத்தத்தில், 300 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நீர் எஃகைத் தொடாதபடி, நம் வீடுகளில் எவர்சில்வர் என்கிறோமே அந்த இனத்து எஃகை உள்பக்கம் முழுவதும் சில மில்லிமீட்டர் கனத்துக்கு வெல்டிங் செய்து உள்ளுறையாகப் பதித்திருப்பார்கள்.

இந்தக் கலனைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சைப் பற்றியே கேட்கிறார்கள். நியூட்ரான்கள் பட்டுப்பட்டு எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது என்பது உண்மை; அதற்குத் தனியே ஒரு மாலை வேண்டும். இன்று நான் பேச வந்திருப்பது அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றைப் பற்றி. ஏறி இறங்கும் சுமையும் சூடான நீரும் சேர்ந்து எஃகில் விரிசலை வளர்ப்பது. அரிப்புச் சோர்வு என்று இதைச் சொல்கிறோம்.

இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்தவர்கள் எல்லோருக்கும் உலோகச் சோர்வு தெரியும். ஒரே தடவையில் ஒடிக்க முடியாத கம்பி இருபதாவது வளைப்பில் ஒடிகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வைத்து இதை முறையாக ஆராய்ந்தார். அவர் ஆய்விலிருந்து பொறியாளர்களுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது: எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அந்த வரம்புக்குக் கீழே எத்தனை கோடி முறை சுமையை ஏற்றி இறக்கினாலும் அது ஒடியாது. பாலங்களும் எந்திரங்களும் அந்த நம்பிக்கையில் கட்டப்பட்டன. ஆனால் முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கப்பல்கள் கடற்கண்ணிகளை அறுப்பதற்காக இழுத்துச் சென்ற கருவிகளின் கம்பிவடங்கள் எதிர்பாராமல் அறுந்தன. நீரும் சுமையும் சேர்ந்து செய்யும் இத்தகைய சேதத்தைப் பற்றிய ஆய்வுக்கு, பி. பி. ஹெய் என்ற பொறியாளர் 1917-இல் வெளியிட்ட கட்டுரை தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1926-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுநிலையத்தில் மக்காடம் என்பவர் இதற்கு அரிப்புச் சோர்வு என்று பெயரிட்டார். நீருக்குள் வைத்துச் சோதித்தால் வோலர் சொன்ன வரம்பு காணாமல் போகிறது. எவ்வளவு சிறிய சுமையானாலும், போதிய முறை திரும்பத் திரும்ப வந்தால், ஒருநாள் ஒடியும்.

ஆகவே 1926-லிருந்தே இது தெரிந்த விஷயம். ஆனாலும் அணு உலைக் கலன்களுக்கு அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம் 1963-இல் விதிநூல் வகுத்தபோது, அதிலிருந்த சோர்வு வரைகோடுகள் காற்றில் செய்த சோதனைகளிலிருந்தே வந்தன. வழவழப்பாக மெருகேற்றிய சிறு எஃகுத் துண்டுகளை ஆய்வகக் காற்றில் இழுத்து, எத்தனை சுற்றில் ஒடிகிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து வடிவமைப்புக்கான கோட்டைப் பெற, தகைவில், அதாவது பரப்பலகில் விழும் சுமையில், 2 மடங்கும் சுற்றுகளின் எண்ணிக்கையில் 20 மடங்கும் குறைத்துக்கொண்டார்கள்.

அந்த 20 எங்கிருந்து வந்தது? சோதனை முடிவுகளின் சிதறலுக்கு 2. சிறு துண்டுக்கும் பெரிய கலனுக்கும் உள்ள அளவு வேறுபாட்டுக்கு 2.5, மேற்பரப்பின் சொரசொரப்புக்கும் சூழலுக்கும் சேர்த்து 4. பெருக்கினால் 20. சூழல் என்ற சொல் அங்கே இருப்பதால், நீரின் விளைவையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று பலர் பின்னாளில் எண்ணிக்கொண்டார்கள். விதியை வகுத்தவர்கள் நினைத்தது அதுவல்ல. குளிரூட்டப்பட்ட ஆய்வகத்தின் காற்றுக்கும் தொழிற்சாலையின் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அவர்கள் மனத்தில் கொண்டிருந்தார்கள். 300 டிகிரி நீர் அந்தக் கணக்கில் இல்லை. இதை யாரையும் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் நீருக்குள் வைத்து எஃகை இழுத்துப் பார்ப்பதற்கான வசதி அன்று மிகக் குறைவு. ஆனால் கைக்கு வந்த ஒரு பாதுகாப்பு எண், அது எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பது மறந்தபின், எதற்கும் காப்பாகும் என்ற தோற்றத்தைத் தருகிறது. பொறியியல் படிக்கும் மாணவர்கள், விதிநூலில் ஓர் எண்ணைக் கண்டால் அதன் பிறப்பைத் தேடிப் படியுங்கள்.

1971-இல் ஜப்பானின் அணுசக்தி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கோண்டோவும் அவர் தோழர்களும் உலைக்கலன் எஃகை உயர் வெப்ப நீரில் வைத்துச் சோதித்த முடிவை ஒரு பன்னாட்டு மாநாட்டில் முன்வைத்தார்கள். நீரில் விரிசல் விரைவாக வளர்கிறது என்பதை ஓரளவு எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். வியப்பு வேறிடத்தில் இருந்தது. சுமையை எவ்வளவு மெதுவாக ஏற்றி இறக்கினார்களோ, அவ்வளவு அதிகமாக ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் முன்னேறியது. காற்றில் இப்படி நடப்பதில்லை. அங்கே வேகம் அநேகமாகப் பொருட்டே இல்லை. சோதனையைச் சீக்கிரம் முடிக்க நொடிக்குப் பல முறை ஆட்டுவது ஆய்வகங்களின் வழக்கம். உலையில் நடப்பதோ நேர்மாறு. குளிர்ந்த நிலையிலிருந்து உலையைச் சூடாக்கி இயக்க நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகிறது. அழுத்தநீர் உலைகளுக்கு நாற்பது ஆண்டில் சுமார் 200 முறை சூடேறிக் குளிர்வதாக வைத்து வடிவமைப்பார்கள். எண்ணிக்கையில் சொற்பம், ஆனால் ஒவ்வொன்றும் மிக மெதுவானது. எந்தச் சோதனையைச் செய்வது கடினமோ அதுவே உண்மைக்கு அருகில் இருந்தது.

மெதுவாக இழுத்தால் ஏன் அதிகம் பிளக்கிறது? இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சூடான நீரில் எஃகின் மேல் கறுப்பாக ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு அது. அது இருக்கும்வரை அடியிலுள்ள உலோகம் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் படலம் எஃகைப் போல நீளாது. விரிசலின் நுனியில் எஃகு இழுபடும்போது படலம் கிழிகிறது. வெற்று உலோகம் நீரைச் சந்தித்துக் கரைகிறது. உடனே புதுப் படலம் வளரத் தொடங்குகிறது. சுமையைச் சட்டென்று ஏற்றினால், நீருக்கு வேலை செய்ய அவகாசமில்லை. காற்றில் நடப்பதே இங்கும் நடக்கிறது. மெதுவாக ஏற்றினால், அந்த ஒரே ஏற்றத்துக்குள் படலம் கிழிந்து, உலோகம் கரைந்து, படலம் மூடி, மீண்டும் கிழிந்து என்று பலமுறை நடந்துவிடுகிறது. இழுவை ஏறும் நேரம்தான் கணக்கு. இறங்கும்போது எவ்வளவு மெதுவாக இறங்கினாலும் அதனால் பெரிய கெடுதல் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எல்லா ஆய்வகங்களும் ஒரே விடையைக் கண்டிருக்கும். 1970-களிலும் 80-களிலும் நடந்தது அதுவல்ல. ஒரே வகை எஃகு, ஒரே வெப்பம், ஒரே நீர் என்று சொல்லிக்கொண்டு செய்த சோதனைகளில், விரிசலின் வேகம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் பல மடங்கு வேறுபட்டது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து, ஒரே எஃகை ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டு சோதித்து ஒப்பிட்டார்கள். அந்த உழைப்பின் பயனாகக் குற்றவாளி பிடிபட்டது. கந்தகம்.

எஃகில் கந்தகம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது இரும்போடு சேர்ந்தால் உருட்டும்போதே எஃகு உடைந்துவிடும் என்பதால், மாங்கனீசைச் சேர்த்து அதை மாங்கனீசு சல்பைடு என்ற சிறு துணுக்குகளாகக் கட்டிவைக்கிறார்கள். வளரும் விரிசல் அப்படியொரு துணுக்கைத் தொடும்போது, துணுக்கு சூடான நீரில் கரைந்து, விரிசல் நுனியில் சல்பைடு அயனிகளை விடுகிறது. கலனுக்குள் ஓடும் நீர் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும், மயிரிழை அகலமுள்ள அந்தப் பிளவின் அடியில் இருப்பது வேறொரு நீர். அந்த அயனிகள் படலம் மீண்டும் மூடுவதைத் தாமதப்படுத்துகின்றன. ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழையவும் வழி செய்கின்றன. கரைவதால் விரிசல் வளர்கிறதா, நுழைந்த ஹைட்ரஜன் எஃகை நொறுக்குவதால் வளர்கிறதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டும் ஆண்ட்ரசனும் கரைதலை வைத்துக் கணித மாதிரி அமைத்தார்கள். பின்லாந்தில் ஹென்னினனும் டோர்ரோனனும் சல்பைடுத் துணுக்குகளையும் ஹைட்ரஜனையும் முன்னிறுத்தினார்கள். இரண்டும் கைகோத்தே நடக்கின்றன என்பது என் எண்ணம்.

விரிசல் தன் உணவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் விந்தை. நுனியில் சேர்ந்த சல்பைடு சும்மா இருப்பதில்லை. விரிசலின் வாய் வழியாக மெல்ல வெளியே கசிந்து போய்க்கொண்டே இருக்கிறது. விரிசல் போதிய வேகத்தில் முன்னேறினால் புதிய துணுக்குகளைத் திறந்துகொண்டே போகும். நுனியின் நஞ்சு குறையாது. அது மேலும் வேகமெடுக்கும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால், வருவதைவிடப் போவது அதிகமாகி, நுனியின் நீர் தெளிந்து, விரிசல் காற்றில் வளரும் வேகத்துக்கே திரும்பிவிடும். கந்தகம் குறைந்த எஃகில் மிக மிக மெதுவாக ஆட்டினால் இது கண்கூடு. ஆகையால் மெதுவானது எப்போதும் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது; எந்த எஃகு, எந்த நீர் என்று கேட்க வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜன் இருந்தால் நிலைமை மோசம். விரிசலின் வாய்க்கும் நுனிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, சல்பைடையும் குளோரைடையும் உள்ளே இழுத்துப் பிடித்து வைக்கிறது. வெளியே நீர் விரைந்து ஓடினால் பிளவைக் கழுவி விடுகிறது. தேங்கி நின்றால் நஞ்சு தங்குகிறது. இத்தனையும் ஒரு மயிரிழைப் பிளவுக்குள் நடக்கிறது. முன்னர் ஆய்வகங்கள் முரண்பட்டதில் வியப்பில்லை.

இனி ஆய்வகத்தை விட்டு நிலையங்களுக்கு வருவோம்.

1970-களில் அமெரிக்கக் கொதிநீர் உலைகளின் கலன்களிலேயே விரிசல்கள் தென்பட்டன. ஊட்டுநீர் கலனுக்குள் நுழையும் நாசில் என்ற குழாய்வாய்களின் உள்வளைவில் அவை இருந்தன. கலனுக்குள் நீர் 288 டிகிரி. உள்ளே வரும் ஊட்டுநீர் அதைவிடக் குளிர்ந்தது. குளிர்நீர் நாசிலின் சுவரைத் தொடாமல் இருக்க உள்ளே ஸ்லீவ் என்ற ஓர் உட்குழாயை வைத்திருந்தார்கள். அது இறுக்கமாகப் பொருந்தாததால் குளிர்நீர் ஓரமாகக் கசிந்து, சூடான நீரோடு கொந்தளித்துக் கலந்தது. சுவரின் மேற்பரப்பு விடாமல் சூடாவதும் குளிர்வதுமாக இருந்தது. இந்த வேகமான துடிப்பு உள்ளுறையில் நுண்விரிசல்களைத் தொடங்கியது. பிறகு உலையை நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வந்த மெதுவான பெரிய சுமை, அவற்றை உள்ளுறையைத் தாண்டிக் கலனின் எஃகுக்குள் செலுத்தியது. விரிசல்களைச் சாணை பிடித்து அகற்றினார்கள். ஸ்லீவுகளைக் கசியாத வகையில் புதிதாக வடிவமைத்தார்கள். நாசில் பகுதியில் உள்ளுறையையே உரித்து எடுத்தார்கள். உள்ளுறை எஃகு சூட்டில் கலனின் எஃகைவிட அதிகமாக விரியும். அந்த இடத்தில் அது தந்த காவலைவிட அது உண்டாக்கிய தகைவு பெரிதாக இருந்தது. 1980-இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

1979-ஆம் ஆண்டு மே மாதம், திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்து இரண்டு மாதம்கூட முடியாத நேரம். மிச்சிகன் மாநிலத்தில் டொனால்ட் சி. குக் நிலையத்தின் இரண்டாம் அலகில், காப்புக் கட்டடத்துக்குள் நீர்க்கசிவு தெரிந்தது. நீராவியாக்கியில் நுழையும் இடத்தருகே, சுமார் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஊட்டுநீர்க் குழாய்கள் சுவர் முழுவதும் ஊடுருவி விரிசல் விட்டிருந்தன. ஆணையம் மற்ற அழுத்தநீர் நிலையங்களையும் சோதிக்கச் சொன்னது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில் அதே வெல்டிங் அருகே விரிசல்கள் வெளிப்பட்டன. இது கலனின் எஃகு இல்லை, கார்பன் எஃகுக் குழாய்தான். ஆனாலும் இந்தப் பாடத்தைக் கலனைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாது.

கிடைமட்டக் குழாய் அது. உலை குறைந்த திறனில் இருக்கும்போது, குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவார்கள். குளிர்நீர் கனமானது, குழாயின் அடியில் படிந்து ஊர்ந்தது. மேலே சூடான நீர் அசையாமல் நின்றது. ஒரே குழாயின் மேற்பாதி சூடு, கீழ்ப்பாதி குளிர். மேற்பாதி நீள முயல, கீழ்ப்பாதி அதைத் தடுத்து இழுத்தது. குழாயின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட வடிவமைப்பில் இந்தத் தகைவுக்கு இடமே இல்லை. கணக்கில் பிழையில்லை, நீர் எப்படி ஓடுகிறது என்ற அனுமானம்தான் பிழை. பின்னர் குழாய்களின் வெளிப்புறத்தில், மேலும் கீழும் சுற்றிலும் வெப்பநிலையை அளக்கும் வெப்பமின் இரட்டைகளைக் கட்டிப் பார்த்தபோதுதான் இந்த அடுக்கு தெளிவாகப் பதிவானது. மெதுவாக ஏறும் இழுவை, தேங்கிய நீர், ஊட்டுநீரில் ஆக்சிஜன். கோண்டோ ஆய்வகத்தில் கண்டதற்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடியிருந்தன.

பிரிட்டனில் இதே பத்தாண்டில் வேறொரு விவாதம் நடந்தது. அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்த உலோகவியல் மேதை ஆலன் காட்ரல், அழுத்தநீர் உலைக்கலனில் ஒரு விரிசல் கண்ணில் படாமல் வளர்ந்து கலன் திடீரென உடையலாம் என்ற கவலையை வெளிப்படையாகச் சொன்னார். வால்டர் மார்ஷல் தலைமையில் ஆய்வுக்குழு அமைந்து 1976-இலும் 1982-இலும் அறிக்கை தந்தது. பிரிட்டனின் சைஸ்வெல் பி அழுத்தநீர் உலைக்கு வெல்டிங் குறைந்த, அடித்து உருவாக்கிய எஃகு வளையங்களும் கடுமையான மீயொலிச் சோதனையும் அமைந்ததில் அந்தக் கவலைக்குப் பெரும் பங்கு உண்டு. அறிந்தவர் ஒருவர் தன் ஐயத்தைப் பொதுவில் சொன்னதால் கலன் மேம்பட்டது. இதை நான் மிக மதிக்கிறேன்.

நீரின் விளைவை எண்ணாக மாற்றும் வேலையை ஜப்பானில் ஹிகுச்சியும் ஈடாவும் 1991-இல் தொடங்கினார்கள். காற்றில் கிடைக்கும் ஆயுளை இந்த மடங்கால் வகுத்துக்கொள் என்று சொல்லும் ஒரு காரணி அது. 2007-இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஓமேஷ் சோப்ராவும் வில்லியம் ஷாக்கும் அளித்த சூத்திரத்தில் நான்கு செய்திகள் நுழைகின்றன: எஃகின் கந்தகம், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், திரிபு (அதாவது எஃகின் நீட்சி) ஏறும் வேகம். 150 டிகிரிக்குக் கீழே வெப்பத்துக்குப் பங்கில்லை. ஆக்சிஜன் நூறு கோடியில் 40 பங்குக்குக் கீழே இருந்தால் அதற்கும் பங்கில்லை. கலனின் எஃகுக்கு அந்தச் சூத்திரத்தில் எண்களை இட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் விடை சுமார் 2. அதே எஃகு, கந்தகம் 0.015 விழுக்காடு, 289 டிகிரி, மிக மெதுவான இழுவை, ஆக்சிஜன் மட்டும் நூறு கோடியில் 200 பங்கு என்றால் விடை 20-ஐத் தாண்டுகிறது. 1963-இல் சிதறலுக்கும் அளவுக்கும் சொரசொரப்புக்கும் என்று ஒதுக்கிய 20 மடங்கையும் இது ஒன்றே விழுங்கிவிடும். ஒரு கைப்பிடி ஆக்சிஜன்கூட இல்லை, அதன் தடயம்தான்.

அப்படியானால் உலகெங்கும் கலன்கள் ஏன் பிளந்துகொண்டிருக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வடிவமைப்பில் கற்பித்துக்கொண்ட சுமைகளைவிட உண்மையில் வந்தவை பெரும்பாலும் மென்மையானவை. ஓடும் நீர் பிளவுகளைக் கழுவுகிறது. அழுத்தநீர் உலையில் ஹைட்ரஜனைக் கரைத்து ஆக்சிஜனை அநேகமாக இல்லாமலே ஆக்கிவிடுகிறார்கள். உள்ளுறை காக்கிறது. புதிய எஃகுகளில் கந்தகத்தை 0.005 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். விரிசல் வந்த இடங்கள், யாரும் எதிர்பாராத சுமை வந்த இடங்கள்.

நீர் தொடுவதும் தொடாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு பெல்ஜியத்தின் டூல் 3 உலை சாட்சி. 2012-இல் அதன் கலன் சுவருக்குள் ஆயிரக்கணக்கான குறைகள் மீயொலியில் தெரிந்தன; மேம்பட்ட முறையில் மறுபடி பார்த்தபோது எண்ணிக்கை 13,000-ஐத் தாண்டியது. கலனைச் செய்தபோதே ஹைட்ரஜனால் உண்டான செதில்கள் அவை என்று முடிவு செய்தார்கள். சுவரின் உள்ளே புதைந்திருந்ததால் நீர் அவற்றை எட்டவில்லை. ஆகவே சோர்வால் அவை எவ்வளவு வளரும் என்பதைக் காற்றுக்குரிய சிறிய வேகத்தில் கணக்கிட முடிந்தது. நீண்ட வாதங்களுக்குப் பிறகு 2015-இல் மீண்டும் இயங்க அனுமதி கிடைத்து, 2022 செப்டம்பர் வரை அது ஓடியது. அந்த அனுமதி சரியா என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு; அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் அக்குறைகளில் பத்து நீரைத் தொட்டிருந்தால்கூட அந்த வாதம் முற்றிலும் வேறாக இருந்திருக்கும்.

இறுதியாக நம் ஊர்க் கேள்வி. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் இப்படி ஒற்றைப் பெருங்கலன் கிடையாது. அங்கே எரிபொருள் சிர்கோனியக் கலவைக் குழாய்களுக்குள் இருக்கிறது. கூடங்குளத்தில் 2013-இலும் 2016-இலும் மின்தொகுப்போடு இணைந்த இரு உலைகளும் ரஷ்ய வகை அழுத்தநீர் உலைகள். அவற்றில் இந்தக் கலன் உண்டு. அவ்வகை உலைகளில் அம்மோனியா சேர்த்து ஹைட்ரஜனைப் பெற்று ஆக்சிஜனை அடக்குகிறார்கள். அந்த ஒழுங்கு தவறாதவரை, உள்ளுறை பழுதில்லாமல் இருக்கும்வரை, கலனின் உடற்சுவரைப் பற்றி அரிப்புச் சோர்வின் பொருட்டு நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். நாசில்களையும், ஊட்டுநீர்க் குழாய்களையும், சூடும் குளிரும் சந்திக்கும் இணைப்புகளையும் பற்றித்தான் கேட்பேன்.

கேட்க வேண்டியவையும் தெளிவானவை. உலை இதுவரை எத்தனை முறை நின்று தொடங்கியது, ஒவ்வொரு முறையும் எந்த வேகத்தில் சூடேறியது, தொடக்கத்தின்போது நீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது, நாசில்கள் அருகே வெளிப்புற வெப்பநிலை எப்படி மாறியது. இவற்றில் பெரும்பாலானவை நிலையங்களில் பதிவாகும் எண்கள். எஃகின் கந்தக அளவும் கிடைத்தால், அந்தச் சூத்திரத்தில் தோராயமாக இட்டுப் பார்க்க இவை உதவும். இங்கே அமர்ந்திருக்கும் பொறியியல் மாணவர்கள் ஒரு மாலையில் கணக்கைப் போட்டுவிடலாம். ஆண்டுதோறும் இவற்றை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை.